வலது கீழ் மூலை

ஷோபா தன் கைபேசியை மேசைமேல் வைத்து, திரையைப் பார்க்காமலே தாட்சாயணியின் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே பாருங்கம்மா. இதுக்குமேல பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

பல கை மாறி, கடைசியில் ஷோபாவுக்கே வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த ஒரு யூட்யூப் இணைப்பு அது. மேலே ஒரு படம். ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆள். கண்களின் குறுக்கே கறுப்புப் பட்டை. வாய் அகலத் திறந்திருந்தது. முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அதைக் குத்துகிற மாதிரி ஒரு மஞ்சள் அம்பு, பின்னால் மங்கலாக ஒரு பள்ளி வேன். 'வேன் டிரைவர் செய்த காரியம்! பெற்றோரே உஷார்!' என்று கொட்டை எழுத்து.

தாட்சாயணியின் தோளுக்குப் பின்னாலிருந்து துலுக்காணம் எட்டிப் பார்த்தான்.

"என்னா காரியம்னு போடலியே மேடம். எங்க ஊர்ல காரியம்னா பதினாறாம் நாள் பண்றது."

"அதத்தான் சார் எங்களுக்குப் பண்ணிட்டானுங்க," என்றாள் ஷோபா.

துலுக்காணம் பின்வாங்கி ஜன்னலோரம் போய் நின்றான்.

தாட்சாயணி பதினான்கு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், தானாக எரிந்த கடை எது, எரிய வைத்த கடை எது என்று பிரித்துச் சொல்லும் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டுத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடியில் துப்பறியும் நிறுவனம் வைத்து ஆறு வருடம் ஆகிறது. பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்லும் கேஸ்கள்தான். ஊத்துக்கோட்டைக்காரனான துலுக்காணம் அவளுக்குக் கார் ஓட்டுபவன், ஆட்களைப் பின்தொடர்பவன், கேட்காத நேரத்தில் பேசுபவன்.

ஷோபா சொன்னதன் சுருக்கம் இது. அவள் கணவர் பிரகாசம் சித்தூரில் ஒரு தனியார் பள்ளிக்குப் பத்தொன்பது வருடமாக வேன் ஓட்டினார். மூன்று வாரத்துக்கு முன் 'கண்கொத்தி நியூஸ்' என்ற சேனலில் இந்த வீடியோ வந்தது. நான்கு நிமிட வீடியோ. ஏதோ ஒரு வட மாநிலத்தில் ஒரு டிரைவர் குழந்தையை வேனுக்குள் மறந்துவிட்டுப் பூட்டிப் போன செய்தி. அதில் சித்தூரும் இல்லை, பிரகாசமும் இல்லை. ஆனால் வீடியோவை யார் பார்த்தார்கள்? படத்தைத்தான் பார்த்தார்கள். என்ன காரியம் என்பதை அவரவர் மனதில் இருந்த அசிங்கத்தை வைத்து நிரப்பிக்கொண்டார்கள். பெற்றோர் குழுவில் முதல் ஆள் 'நம்ம பிரகாசம் மாதிரி இல்ல?' என்று எழுதினார். மூன்றாவது ஆள் அந்த 'மாதிரி'யை எடுத்துவிட்டார். மறுநாள் காலை வேன் சாவியைப் பள்ளியில் வாங்கிக்கொண்டார்கள்.

"அவருக்கு உதட்டுக்குக் கீழ ஒரு வெள்ளப் புள்ளி. எடது பக்கம். அத வெச்சுதான் ஊர்ல எல்லாரும் அவருன்றாங்க," என்றாள் ஷோபா. "ஆனா இந்தப் படத்துல புள்ளி வலது பக்கம் கீது, பாருங்க. இது அவரு இல்லம்மா. வேற யாரோ. போலீஸ்ல போய்ச் சொன்னேன். புள்ளி வேற பக்கம் இருந்தா அது உன் புருஷன் இல்லியே, அப்புறம் எதுக்குமா கம்ப்ளெய்ண்டுன்றாங்க. ஸ்கூல்ல கேட்டா, எந்தப் பக்கமா இருந்தா என்னா, புள்ளி கீது இல்ல, அது போதும்ன்றாங்க."

தாட்சாயணி படத்தை விரித்துப் பார்த்தாள்.

"துலுக்காணம், உன் சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம்?"

"நெஞ்சு இருக்கிற பக்கம்தான். எடது."

"இந்த ஆளுக்கு?"

துலுக்காணம் குனிந்து பார்த்தான். கோடு போட்ட சட்டை. பாக்கெட்டின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. வலது பக்கம்.

"எந்த டைலர் மேடம் இப்டி தெச்சான்? அவன்தான் குற்றவாளி."

"டைலர் சரியாத்தான் தெச்சிருக்கான். படத்தைத் திருப்பிப் போட்டிருக்காங்க. கண்ணாடியில பாக்கற மாதிரி." தாட்சாயணி குரலைத் தணித்துக்கொண்டாள். "ஷோபாம்மா, பாக்கெட் மாறின மாதிரிதான் புள்ளியும் மாறியிருக்கு. இந்தச் சட்டை தெரியுதா?"

ஷோபா முதல் தடவையாகத் திரையை உற்றுப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டை," என்றாள். பிறகு, "அவரு இல்லன்னு நிரூபிச்சுக் குடுங்கன்னு கேக்கத்தாம்மா வந்தேன்," என்றாள்.

துலுக்காணம் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"அவரை யார் இப்படிப் படம் எடுத்திருப்பாங்க?"

"தெரியலியே. அவரக் கேட்டா எனக்கும் தெரியாதுன்றாரு. விட்டுடு ஷோபான்றாரு. பொண்ணும் அதையேதான் சொல்றா. ஒரே பொண்ணு, தபிதா. இங்க திருப்பதியிலதான், கல்யாணப் பத்திரிக டிசைன் பண்ற ஆபீஸ்ல வேல. ஆண்டவர் பாத்துப்பார், விட்டுடுமான்றா. என்னால முடியலம்மா. சர்ச்சில நான் உக்காந்தா பெஞ்சில பக்கத்துல இருக்கிறவங்க கொழந்தய எடுத்து மடியில வெச்சுக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் சொல்லாமதான் பஸ் ஏறி வந்தேன். இதச் செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியணும்."

தாட்சாயணி யூட்யூபைத் திறந்து அதே வீடியோவைத் தேடினாள். வீடியோ இருந்தது. படம் மாறியிருந்தது. இப்போது அழுகிற ஒரு பெண்ணின் முகம். பழைய படம் வாட்ஸ்அப்பில் சுற்றியவர்களின் கைபேசிகளில் மட்டும்தான் மிச்சம்.

அவள் மறுபடியும் ஷோபாவின் கைபேசிக்கு வந்தாள். படத்தின் வலது கீழ் மூலையில் அவள் கண் நின்றது. அங்கே சாம்பல் நிறத்தில், எறும்பு வரிசை போல, ஏதோ எழுத்து. பெரிதாக்கினால் கலைந்துபோயிற்று.

"துலுக்காணம், யூட்யூப்ல இந்த மூலையில என்ன வரும்?"

"எத்தன நிமிசம் ஓடும்னு ஒரு கறுப்புக் கட்டம் வரும்."

"அந்தக் கட்டம் அடியில இருக்கிறதை மறைச்சிடும். தம்ப்நெயில்னு இந்த முகப்புப் படம் செய்யறவங்க முதல் நாள் கத்துக்கிற பாடமே அந்த மூலையில ஒண்ணும் வைக்காதேங்கறதுதான். இதைச் செஞ்ச ஆள் வேலை தெரிஞ்ச ஆள். எழுத்து, அம்பு, முகம், எல்லாம் அளவெடுத்த மாதிரி இருக்கு. அந்த ஆளே போய் அங்க எழுதியிருக்கார். வாட்ஸ்அப்ல வரும்போது அந்தக் கட்டம் வராதுங்கறதை மறந்துட்டார்."

"யாரும் படிக்கக் கூடாதுன்னா எதுக்கு மேடம் எழுதணும்?"

"அதுதான் கேள்வி," என்றாள் தாட்சாயணி.

*

கண்கொத்தி நியூஸ் திருப்பதியிலேயே ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது. இரண்டு அறைகள். முன்னறையில் உரிமையாளர் கோபிகிருஷ்ணன், ஒரு வளைய விளக்கு, பச்சைத் திரை. உள்ளறை சாத்தியிருந்தது. கோபிகிருஷ்ணன் கார்வேட்டிநகரத்துக்காரன். முப்பத்தைந்து வயதுக்குள் ஐந்து சேனல் நடத்துகிறான்.

"ரண்டி, ரண்டி, உக்காருங்க. புது சேனலா? என்ன சப்ஜெக்ட்?"

"சமையல்," என்றாள் தாட்சாயணி. "என் தம்பிதான் சமைக்கிறான்."

"பேரு வெச்சாச்சா?"

"'துலுக்காணம் துன்னு பாரு'," என்றான் துலுக்காணம். முந்தைய நொடிவரை அவனுக்கே அது தெரியாது.

கோபிகிருஷ்ணன் பாராட்டுவது போலத் தலையாட்டினான். "பேரு ஓகே. ஆனா பேரை யாரும் படிக்கமாட்டாங்க அண்ணா. சமையலையும் பாக்கமாட்டாங்க. தம்ப்நெயில். அது ஒண்ணுதான்."

"தம்ப்நெயில்னா கட்டவெரல் நகம்தானே? அதுக்கே பாலிஷ் போடறீங்களா?"

"நகம் அளவுதான் அண்ணா தெரியும் போன்ல. அந்த நகத்துக்குள்ள ஆளை நிறுத்தணும்." அவன் விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தான். அவன் தொழிலை நேசிப்பவன் என்பது தெரிந்தது. முகம் இல்லாத படம் செத்த படம். முகத்தில் பயமோ கோபமோ அழுகையோ இருக்க வேண்டும், சிரிப்பு ஓடாது. எழுத்து நாலைந்து சொல், அதற்கு மேல் போனால் கண் தாண்டிவிடும். கறுப்பின்மேல் மஞ்சள். முகம் எழுத்தைப் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பிப் போட வேண்டும்.

"எல்லாத்தையும் சொல்லிடாம பாதியில நிறுத்தணும் மேடம். அவன் விரல் தானா அமுக்கும்."

"அம்பு எதைக் காட்டும்?"

"எதையும் காட்ட வேண்டாம். அம்பு இருந்தா போதும்."

"உங்களுக்கு நல்லா ஓடின படம் ஒண்ணு காட்டுங்களேன். எங்களுக்குப் பிடிச்சிருந்தா அதைச் செஞ்ச ஆளை வெச்சே செய்யலாம்."

அவன் மடிக்கணினியைத் திருப்பினான். "ஒரே வீடியோவுக்கு மூணு படம் குடுப்போம். யூட்யூபே மாத்தி மாத்திக் காட்டும். எது அதிகமா இழுக்குதோ அது நிக்கும். சாதாரணமா நூறு பேர் கண்ணுல பட்டா நாலு பேர் உள்ள வருவாங்க. இது பதினொண்ணு."

திரை முழுக்கப் பிரகாசத்தின் முகம் விரிந்தது.

இங்கே நேரக் கட்டம் இல்லை. படம் கலையவும் இல்லை. வலது கீழ் மூலையில் சாம்பல் நிற எழுத்து தெளிவாக இருந்தது. துலுக்காணம் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"ஸாரி… நைனா."

"எங்கே?" கோபிகிருஷ்ணன் மூக்கு திரையில் படும்படி குனிந்தான். "அரே! இது நான் பாக்கவே இல்லியே!"

"எங்க பக்கம் நைனான்னா அப்பனும் நைனா, ஆட்டோக்காரனும் நைனா," என்றான் துலுக்காணம். "இத வெச்சு யாரப் புடிக்கிறது?"

தாட்சாயணி அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாகச் சித்தூர் முழுக்க அதை மிருகத்தின் வாய் என்றே பார்த்திருக்கிறது. கண்ணை மறைத்துவிட்டால் வாய் எதுவாகவும் ஆகும். ஆனால் கோபத்தில் திறக்கும் வாயில் பல் தெரியும். இதில் பல்லே தெரியவில்லை, நாக்கு தெரிந்தது. மீசையின் ஓரத்தில் நரை என்று அவள் நினைத்திருந்தது நரை இல்லை. கிரீம்.

"இவர் கத்தலை," என்றாள் மெதுவாக. "இவருக்கு யாரோ கேக் ஊட்டறாங்க. ஊட்டற ஆளே இன்னொரு கையில போனைப் பிடிச்சு எடுத்த படம் இது. அவ்வளவு கிட்ட இருக்கு."

துலுக்காணத்தின் முகத்திலிருந்து கிண்டல் இறங்கிப்போயிற்று.

"இதைச் செஞ்சவங்களைப் பாக்கலாமா?" என்று கேட்டாள் தாட்சாயணி.

"மன ஆபீஸ்ல, இங்கயேதான் இருக்கு மேடம். பங்காரு, தங்கமான கை." அவன் உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "தபிதா! இக்கட ரா அம்மா!"

கதவு திறந்தது. இருபத்து நான்கு வயதுப் பெண். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டே வந்தவள், திரையில் இருந்த முகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

*

மாடிப்படி வளைவில், தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்த இடத்தில், அவள் பேசினாள். துலுக்காணம் நான்கு படி கீழே போய் யாரும் மேலே வராதபடி நின்றுகொண்டான்.

"அம்மா அனுப்பிச்சாங்களா?"

"அவங்களுக்கு நீங்கன்னு தெரியாது. கல்யாணப் பத்திரிகை ஆபீஸ்னு நினைச்சுட்டு இருக்காங்க."

"மொதல்ல அந்த வேலதான் செஞ்சேன் மேடம். எட்டு மாசமா இது. வீட்ல சொன்னா எந்த மாதிரி சேனல்னு பாப்பாங்க. அதான் சொல்லல."

அவள் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு டிரைவர் முகம் ஒன்று வேண்டியிருந்தது. இணையத்தில் கிடைக்கும் முகம் எதையும் எடுக்கக் கூடாது என்று கோபிகிருஷ்ணன் அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தான். யாரோ ஒருவர் தன் படத்தைப் பார்த்துவிட்டு வந்து சண்டை போட்டுவிட்டார். உன் போனில் யாராவது வயசான ஆள் இருந்தால் போடு, கண்ணில் பட்டை போட்டால் யாருக்கும் தெரியாது என்றான். இருபது நிமிடம்தான் இருந்தது.

"ஜனவரியில நைனா கண் டெஸ்டுக்கு இங்க வந்தாரு. அன்னிக்கு அவருக்குப் பொறந்த நாள். பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில ஒரு சின்ன கேக் வாங்கி ஊட்டி விட்டேன். அவருக்கு சுகர் கீது. அம்மாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க, சொல்லாதடின்னாரு. எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச போட்டோ மேடம் அது."

"அதைப் போட்டீங்க."

"மூணு படம் செஞ்சேன். ஒண்ணு வெறும் வேன். ஒண்ணு அழுவற பொம்பள. மூணாவது நைனா. புள்ளிய வெச்சு அடையாளம் தெரியக்கூடாதுன்னுதான் மூஞ்சியத் திருப்பிப் போட்டேன். மூணுல அது தோத்துடும், ரெண்டு மணி நேரத்துல போய்டும்னு நெனச்சேன்." அவள் சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. "நைனா ஜெயிச்சுட்டாரு மேடம்."

கீழே துலுக்காணம் தலையைத் தூக்கவில்லை.

"மூலையில எழுதினது?"

"அனுப்பறதுக்கு முன்னாடி என்னமோ மாதிரி இருந்துச்சு. அதான்."

"எடுக்கச் சொல்லிக் கேக்கலையா?"

"மூணாம் நாளே கேட்டேன். சூப்பரா ஓடிக்கினு கீது, எதுக்கு எடுக்கணும்னாரு கோபி சார். அது எங்க நைனான்னு சொல்லிருக்கணும். வாய் வரல. பன்னெண்டாம் நாள் அவரு காளஹஸ்திக்குப் போயிருந்தப்ப நானே மாத்திட்டேன். அதுக்குள்ள சாவிய வாங்கிட்டாங்க. இப்ப வீடு என் சம்பளத்துல ஓடுது. இந்த ஆபீஸ் சம்பளத்துல."

தாட்சாயணி அவளைத் திட்டுவதற்கு ஏதாவது சொல் தேடினாள். எல்லாவற்றையும் அந்தப் பெண் ஏற்கனவே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"இன்னைக்குச் சாயந்திரம் நான் சித்தூர் போறேன். உங்க அம்மாகிட்ட நான் கண்டுபிடிச்சதைச் சொல்லணும். அதுக்கு முன்னாடி நீங்களே போன் பண்ணிச் சொல்லிடறது நல்லது."

"நீங்களே சொல்லிடுங்க," என்றாள் தபிதா. "என்னால முடியாது. நீங்க சொல்லிட்டீங்கன்னா எனக்கு ஒரு மாதிரி… முடிஞ்சிடும்."

கிளம்பும்போது கோபிகிருஷ்ணன் வாசல்வரை வந்தான். "சேனல் எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"அந்த வேன் டிரைவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள் தாட்சாயணி.

"யாரா இருந்தா என்ன மேடம்? வீடியோவைப் பாருங்க, ஒரு பொய் இருக்கா? தம்ப்நெயில்ன்றது சும்மா கதவு மாதிரி."

"கதவுல ஒரு மனுஷன் மூஞ்சியை ஆணி அடிச்சு மாட்டியிருக்கீங்க," என்றாள்.

அவன் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, "டைட்டில் பாகுந்தி, நல்லா இருக்கு," என்றான்.

*

சித்தூர் போகும் வழியில் பாகாலா தாண்டும்வரை துலுக்காணம் வாயைத் திறக்கவில்லை. அவன் அப்படி இருந்ததைத் தாட்சாயணி இதற்குமுன் ஒரு தடவைதான் பார்த்திருந்தாள், அவன் பல் பிடுங்கிக்கொண்ட அன்று.

"என்னா சொல்லப் போறீங்க மேடம்?"

"நடந்ததை. வேற என்ன? கேஸ் எடுத்தா உண்மையைக் கொண்டுபோய்க் கொடுக்கணும். அதை வெச்சு அவங்க என்ன செய்யறாங்கங்கறது அவங்க பாடு. இருபது வருஷமா அப்படித்தான்."

"கட எரிஞ்ச கேஸ்ல அது சரி," என்றான் துலுக்காணம்.

சித்தூரில் ஷோபாவின் தெருவுக்குள் கார் திரும்புமுன், தெருமுனையில் ஓர் ஆள் கை காட்டி நிறுத்தினார். மாலை ஆறரை இருக்கும். துண்டை மூக்குவரை சுற்றியிருந்தார், குளிர் இல்லாத நாளில். துண்டை இறக்கினபோது இடது பக்க உதட்டுக்குக் கீழே வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

"நீங்கதானே டிடெக்டிவ் அம்மா? நான் பிரகாசம். ஷோபா இப்பதான் சொன்னா, நீங்க வர்றீங்கன்னு." அவர் காருக்குள் குனிந்தார். "கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"கண்டுபிடிச்சிட்டேன்."

"எனக்கு மொத நாளே தெரியும்மா."

தாட்சாயணி கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஸ்கூல்ல போன நீட்டி இது நீதானான்னு கேட்டாங்க. பாத்தேன். வாயில கேக் ருசியே வந்துடுச்சு எனக்கு. அந்த போட்டோ எங்க ரெண்டு பேரத் தவிர யார்கிட்டயும் இல்ல."

"சொல்லியிருக்கலாமே. பொறந்த நாள்ல என் பொண்ணு எடுத்த படம்னு காட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அவ போன்ல முழுப் படமும் இருக்கு. கேக்கோட."

"கரஸ்பாண்டெண்ட் சாரும் அதத்தான் கேட்டாரு. இந்தப் படம் எங்கேந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லு, நான் பேரண்ட்ஸ்கிட்ட பேசறேன்னாரு. நல்ல மனுசன். தெரியாதுன்னு சொல்லிட்டேன்." அவர் துண்டின் முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "சொன்னா என்னா ஆவும்? பெத்த அப்பன் மூஞ்சிய வித்த பொண்ணுன்னு அவளப் போட்டு இன்னொரு படம் செய்வானுங்க. எனக்காச்சும் கண்ண மறச்சானுங்க. அவளுக்கு மறைப்பானுங்களா? வேன் போனா போவுதும்மா."

"அவளுக்கு, உங்களுக்குத் தெரியும்னு…"

"தெரியாது. நான் கேட்டா அவ பதில் சொல்லணும். சொல்லிட்டா அப்புறம் என் மூஞ்சியப் பாப்பாளா அவ? வாரா வாரம் வந்துகினு கீறா. பாத்துப் பேசறா. அது போதும்."

தெருவில் ஓர் அம்மா சிறுவனைக் கைப்பிடித்துக்கொண்டு வந்தாள். பையன் பிரகாசத்தைப் பார்த்ததும் கையை ஆட்டினான். அம்மா அவனை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடையைக் கூட்டினாள். பிரகாசம் துண்டை மறுபடி மூக்குவரை ஏற்றினார்.

"ஷோபாகிட்ட மட்டும் சொல்லாதீங்கம்மா. அவ என்ன மாதிரி இல்ல. பொறுக்கமாட்டா."

*

ஷோபா காப்பி போட்டு வைத்திருந்தாள். வீடு சிறியது, பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து தாட்சாயணியின் வாயையே பார்த்தாள். பிரகாசம் ஜன்னலைச் சாத்தப் போனவர் அங்கேயே நின்றார்.

"நல்லா தேடிப் பாத்தோம்மா," என்றாள் தாட்சாயணி. "அந்த சேனல்காரனையும் பாத்தோம். அவனுக்கு எங்கிருந்தோ வந்திருக்கு. பஸ் ஸ்டாண்ட்ல, எங்கேயோ, தெரியாத யாரோ எடுத்திருக்கணும். யார்னு கண்டுபிடிக்க முடியலை."

இருபது வருடத்தில் அவள் சொல்லாத வாக்கியம் அது.

"மூலையில என்னமோ எழுதியிருந்துச்சுன்னீங்களே?"

"கம்பெனி பேரு," என்றான் துலுக்காணம் சட்டென்று. "அதுவும் அழிஞ்சுபோச்சும்மா."

ஷோபா கோபப்படவில்லை. டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். "உங்களாலயும் ஆவலன்னா இனிமே ஆண்டவர்தான்," என்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏழு ஆச்சு. ஜெபத்துக்கு டைம். இருந்துட்டுப் போங்க. பொண்ணு போன்ல வருவா."

கைபேசியை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். மணி ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள் தபிதா.

"அம்மா."

அந்த ஒரு சொல்லில் நாள் முழுக்கக் காத்திருந்தது கேட்டது. தாட்சாயணி தரையைப் பார்த்தாள்.

"துன்னியாம்மா?" என்றாள் ஷோபா.

"ம்… இன்னும் இல்ல. அம்மா, அங்க யாராவது வந்தாங்களா?"

"டிடெக்டிவ் அம்மா வந்துக்கிறாங்க. உன்கிட்ட சொல்லல, கோச்சுக்காத, நான்தான் போய்க் கேட்டேன். அவங்களாலயும் கண்டுபுடிக்க முடியலியாம்."

கைபேசியில் தூரத்துப் பேருந்து ஒன்றின் ஹாரன் கேட்டது.

"சரி, கண்ண மூடு. ஜெபம் பண்ணலாம்." ஷோபா கைகளைக் கோத்துக்கொண்டாள். "கர்த்தாவே, இதச் செஞ்சவங்க யாருன்னு மனுசருக்குத் தெரியல, உமக்குத் தெரியும். என் புருஷன் தல குனிஞ்ச மாதிரி அவங்க தல குனியணும். இவரு தெருவுல மூஞ்சிய மூடிக்கினு போற மாதிரி அவங்க போவணும். அத அவங்களப் பெத்தவங்க கண்ணால பாக்கணும் ஆண்டவரே…"

"ஆமென்," என்றார் பிரகாசம் சத்தமாக.

ஷோபா கண் திறந்தாள். "இன்னும் முடிக்கல."

மறுபடி மூடிக்கொண்டாள். "அந்தக் கை மரத்துப் போவணும். இனிமே ஒருத்தர் மூஞ்சியயும் தொட முடியாம போவணும். இயேசுவின் நாமத்துல கேக்கறோம். ஆமென்."

துலுக்காணம் கைகளைக் கட்டியபடி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிரகாசம் இந்தத் தடவை உதட்டை மட்டும் அசைத்தார்.

"தபிதா," என்றாள் ஷோபா, "ஆமென் சொல்லும்மா."

கைபேசியின் திரை மங்கி, அணைந்தது. இணைப்பு மட்டும் அறுபடவில்லை.

"ஆமென்."

"கொரல் ஏன் இப்டி கீது? ஜலுப்பா?"

"ஆமாம்மா. ஜலுப்புதான்."

"வென்னீர்ல மெளகு போட்டுக் குடிச்சுட்டுப் படு," என்றாள் ஷோபா.

பிரகாசம் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.